மதர்போர்டு கோளாறு: திருப்பிக் கொடுப்பதா, பழுது பார்ப்பதா? முழுமையான வழிகாட்டி

புது மதர்போர்டைப் பொருத்திப் பவர் பட்டனை அழுத்துகிறீர்கள். ஃபேன் சுற்றுகிறது, மானிட்டரில் ஒன்றும் வரவில்லை. அல்லது இரண்டு வருடம் ஒழுங்காக ஓடிய கம்ப்யூட்டர் ஒருநாள் காலையில் ஆன் ஆகவே மறுக்கிறது. இரண்டு நேரத்திலும் கை தானாக ஸ்க்ரூடிரைவரைத் தேடும். அதற்கு முன்னால் பில்லைத் தேடி எடுத்து வையுங்கள். நான் பார்த்தவரை, மதர்போர்டில் பணத்தை விட்டவர்கள் பெரும்பாலும் வரிசையை மாற்றிச் செய்தவர்கள். முதலில் சால்டரிங் இரும்பை எடுத்தார்கள், அப்புறம் கடைக்காரரிடம் போனார்கள்.

நாள் கணக்கு

உங்கள் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுப்பது ஒன்று. தயாரித்த நிறுவனத்தின் வாரண்டியில் அனுப்புவது இரண்டாவது. நாமே பழுது பார்ப்பது, அல்லது நல்ல டெக்னீஷியனிடம் கொடுப்பது மூன்றாவது.

முதல் வழி சீக்கிரம் அடைபடும். சில நாள்கள், மிஞ்சினால் சில வாரங்கள். ஆனால் கிடைப்பது அதில்தான் அதிகம்: பணம், அல்லது பிரிக்காத புதுப் போர்டு. இரண்டாவது வழி பல போர்டுகளுக்கு 3 ஆண்டு வரை திறந்திருக்கும். ஆனால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், மாற்றாக வருவது பெரும்பாலும் இன்னொருவர் அனுப்பிச் சரிசெய்யப்பட்ட போர்டாக இருக்கும். மூன்றாவது வழிக்குக் கெடுவே கிடையாது. இன்றைக்கும் செய்யலாம், அடுத்த வருடமும் செய்யலாம். அதில் இறங்கினால் மட்டும் முதல் இரண்டும் அடைபடக்கூடும். அதனால் கெடு இல்லாததைக் கடைசிக்கு வையுங்கள்.

திருப்பிக் கொடுக்கும் கடைசி நாளை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டுங்கள். அதற்கு மூன்று நாள் முன்பே எல்லாச் சோதனையும் முடிந்திருக்க வேண்டும். சந்தேகம் வந்த அன்றைக்கே கடைக்காரருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். ‘போர்டு ஆன் ஆகவில்லை, சோதித்துக்கொண்டிருக்கிறேன்’ என்ற ஒரு வரி போதும். பின்னால் நாள் தாண்டிவிட்டது என்று பேச்சு வந்தால் அந்த வரிதான் கைகொடுக்கும்.

பில் காணாமல் போயிருந்தால் மனம் தளர வேண்டாம். சில நிறுவனங்கள் சீரியல் எண்ணை வைத்து, போர்டு தயாரான மாதத்திலிருந்து வாரண்டியைக் கணக்கிடும். சில மாதங்கள் குறையும், அவ்வளவுதான்.

தொடுவதற்கு முன் படம்

கழற்றுவதற்கு முன்பே மொபைலில் படம் எடுங்கள்: போர்டு முழுவதும், சீரியல் எண் ஸ்டிக்கர், எல்லாக் கேபிள்களும் இருக்கும் நிலை. பல போர்டுகளின் ஓரத்தில் சிபியு, டிராம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் என்று எழுதிய நான்கு சிறு விளக்குகள் இருக்கும். எது அணையாமல் எரிகிறதோ, கம்ப்யூட்டர் அந்தக் கட்டத்தில் நின்றுபோயிருக்கிறது. அதையும் படம் எடுங்கள். ஒன்றை நினைவில் வையுங்கள்: டிராம் விளக்கு எரிந்தால் ரேம் செத்துவிட்டது என்று பொருள் இல்லை. ரேமைத் தாண்டிப் போக முடியவில்லை என்றுதான் பொருள். காரணம் ரேமாக இருக்கலாம், ஸ்லாட்டாக இருக்கலாம், சிபியு சாக்கெட்டாகவும் இருக்கலாம்.

உண்மையிலேயே போர்டுதானா?

இந்தக் கட்டத்துக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். மதர்போர்டில்தான் எல்லாமே வந்து இணைகின்றன. அதனால் யார் செய்த தப்பும் அதன் தலையில் விழும். ஒருமுறை, விளையாட்டு ஓடும்போதெல்லாம் சட்டென்று அணைந்துபோகும் ஒரு கம்ப்யூட்டருக்குப் போர்டுதான் காரணம் என்று நான் உறுதியாக நம்பினேன். வாரண்டியில் மாற்றி வாங்கினேன். பல வாரம் காத்திருந்து வந்த போர்டிலும் அதே கதை. கடைசியில் குற்றவாளி பவர் சப்ளை. வேறொரு பவர் சப்ளையை மாட்டிப் பார்த்திருந்தால் அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும்.

எளியதிலிருந்து தொடங்குங்கள். போர்டுக்கு இரண்டு முக்கியமான பவர் கேபிள்கள் வர வேண்டும். 24 பின் கொண்ட பெரிய கேபிளை யாரும் மறப்பதில்லை. சிபியுவுக்கான 8 பின் கேபிள்தான் மறந்துபோகும், அல்லது பாதி ஏறிய நிலையில் நிற்கும். அது இல்லாவிட்டாலும் ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், படம் மட்டும் வராது. புதிதாக அசெம்பிள் செய்பவர்கள் ‘போர்டு டெட்’ என்று முடிவு கட்டுவது பல நேரம் இந்த ஒரு கேபிளால்தான்.

அடுத்து மானிட்டர் கேபிள். தனிக் கிராபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிள் அதில்தான் போக வேண்டும். கார்டு இல்லாமல் சோதிக்கிறீர்கள் என்றால் உங்கள் சிபியுவில் கிராபிக்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரின் கடைசியில் ‘எஃப்’ எழுத்து வரும் இன்டெல் சிபியுக்களில் அது கிடையாது. ஏஎம்டியின் ரைசன் 5000 வரிசையில் ‘ஜி’ இல்லாதவற்றிலும் கிடையாது. அப்படிப்பட்ட சிபியுவோடு போர்டில் இருக்கும் ஹெச்டிஎம்ஐ துளையில் எத்தனை நாள் மாட்டி வைத்தாலும் படம் வராது.

ரேமைக் கழற்றி, கிளிக் என்று கேட்கும்வரை அழுத்திப் பொருத்துங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ரேம் போடுவதென்றால், பெரும்பாலான போர்டுகளில் சிபியு பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்தான் சரியான இடம். பிறகு ஒரே ஒரு ரேமை மட்டும் வைத்து ஒவ்வொரு ஸ்லாட்டாக முயலுங்கள். மற்றது ஓடும்போது ஒரு ரேம் மட்டும் எந்த ஸ்லாட்டிலும் ஓடவில்லை என்றால் அந்த ரேம் போய்விட்டது. எந்த ரேமைப் போட்டாலும் ஒரு ஸ்லாட் மட்டும் மறுக்கிறது என்றால் சந்தேகம் போர்டு பக்கம் திரும்பும். அப்போதும் கூலரை ஒருமுறை தளர்த்தி, நான்கு ஸ்க்ரூவையும் சமமாக முடுக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அதிகமாக இறுக்கினால் சாக்கெட்டில் சிபியு சரியாகப் படியாமல் ஒரு பக்க ரேம் முழுவதும் காணாமல் போவது உண்டு.

டிடிஆர்5 ரேம் போட்ட போர்டு என்றால் பொறுமை தேவை. முதல்முறை ஆன் செய்யும்போது போர்டு அந்த ரேமோடு பழகிக்கொள்ளும். அதுவரை கறுப்புத் திரைதான். ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் கொண்ட போர்டுகளில் அதற்கே பல நிமிடம் பிடிக்கலாம். பதறி ஸ்விட்சை அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கால் மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள்.

அப்புறம் பயோஸ், அதாவது கம்ப்யூட்டரைத் தொடக்கி வைக்கப் போர்டிலேயே இருக்கும் சாஃப்ட்வேர். உங்கள் சிபியு போர்டைவிடப் புதியதாக இருந்தால் போர்டுக்கு அதை அடையாளம் தெரியாது. 2022-இல் வெளியான ஏஎம்5 போர்டில் 2024-இல் வந்த ரைசன் 9000 சிபியுவைப் பொருத்தினால், பழைய பயோஸோடு ஆன் ஆகாமல் போகலாம். இது கோளாறு கிடையாது. பின்பக்கம் பயோஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருந்தால் சிபியு இல்லாமலே அப்டேட் செய்யலாம். பெரும்பாலும் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவ் கேட்கும். மேனுவலில் சொன்னபடி ஃபைலின் பெயரை மாற்றி, அதற்கென்று குறியிட்ட யூஎஸ்பி துளையில் செருக வேண்டும். அதிகாரப்பூர்வமான நிலையான பதிப்பை மட்டும் போடுங்கள். நடுவில் கரண்ட் போனால் போர்டே ஆன் ஆகாமல் போகலாம், யூபிஎஸ் இருந்தால் நல்லது.

பயோஸ் அமைப்புகளை அழித்துப் பார்ப்பதும் இதே வரிசையில் வருகிறது. பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, சிஆர்2032 பேட்டரியைக் கழற்றிப் பத்து நிமிடம் கழித்துத் திரும்பப் போடுங்கள். பழைய போர்டு என்றால் பேட்டரியையே மாற்றிவிடுங்கள். ஆனால் அதற்கு முன் ஒன்று: விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இயங்கினால், பயோஸை மாற்றிய பிறகோ போர்டை மாற்றிய பிறகோ 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். அது உங்கள் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று வேறொரு கருவியிலிருந்து பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தொலைத்தால் போர்டோடு சேர்ந்து உங்கள் ஃபைல்களும் போய்விடும்.

இத்தனைக்கும் மசியவில்லை என்றால் போர்டைக் கேபினட்டிலிருந்து வெளியே எடுங்கள். போர்டு வந்த அட்டைப் பெட்டியின் மேலேயே வையுங்கள். போர்டு சுற்றி வந்த வெள்ளிநிறக் கவரின் மேல் வைக்காதீர்கள், அதன் வெளிப்பக்கம் மின்சாரத்தைக் கடத்தக்கூடும். சிபியு, கூலர், ஒரே ஒரு ரேம், பவர் சப்ளை, படம் வர ஒரு வழி. இவ்வளவு போதும். பவர் பட்டனுக்கான இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டால் ஆன் ஆகும். வெளியே ஓடி உள்ளே ஓடவில்லை என்றால் போர்டு நல்ல போர்டு. கேபினட்டில் தேவையில்லாத இடத்தில் இருக்கும் ஒரு பித்தளைத் தாங்கி போர்டின் அடியில் ஷார்ட் செய்துகொண்டிருக்கும், அல்லது கேபினட்டின் பவர் பட்டனே மாட்டிக்கொண்டிருக்கும்.

பவர் சப்ளைக்கு மிக நல்ல சோதனை, நன்றாக இயங்கும் இன்னொன்றை மாட்டிப் பார்ப்பதுதான். மல்டிமீட்டர் இருந்தால் 12 வோல்ட் கம்பியில் 11.4 முதல் 12.6 வரையும், 5 வோல்ட் கம்பியில் 4.75 முதல் 5.25 வரையும் காட்ட வேண்டும். ஆனால் சும்மா இருக்கும்போது சரியாகக் காட்டும் பவர் சப்ளை, சுமை ஏறியதும் படுத்துவிடலாம். என்னுடையது அப்படித்தான் ஏமாற்றியது. மாற்றி மாட்டும்போது கேபிள்களையும் சேர்த்தே மாற்றுங்கள். கேபிள்களைத் தனியே கழற்றக்கூடிய ஒரு மாடுலர் பவர் சப்ளையின் கேபிள் இன்னொன்றில் அழகாகப் பொருந்தும், ஆனால் உள்ளே கம்பிகளின் வரிசை வேறாக இருக்கலாம். டிஸ்க்குகள் ஒரே நொடியில் எரிந்துபோவது இதனால்தான்.

சிபியுவையும் முழுக்க நம்பிவிட வேண்டாம். சிபியு கெடுவது அரிது என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தோம். இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிபியுக்களில் நிலைமை வேறாக இருந்தது. பலர் கிராபிக்ஸ் கார்டையும் போர்டையும் சந்தேகித்து மாற்றிக்கொண்டிருந்தார்கள். சிபியுவே அதிக மின்னழுத்தம் கேட்டு வாங்கிக் காலப்போக்கில் பழுதாகிறது என்பது 2024-இல் உறுதியானது. இன்டெல் பயோஸ் வழியாகத் திருத்தம் கொடுத்தது, வாரண்டியையும் 2 ஆண்டு நீட்டியது. ஓடும்போது அவ்வப்போது செயலிழக்கும் கம்ப்யூட்டர் என்றால் இதையும் மனதில் வையுங்கள்.

கோளாறு போலத் தெரிவது

போர்டிலேயே படுக்கும் எம்.2 எஸ்எஸ்டியைப் போட்டதும், டிஸ்க்குகளைக் கேபிளில் இணைக்கும் இரண்டு சாட்டா துளைகள் வேலை செய்யவில்லையா? மேனுவலைப் பாருங்கள். பல போர்டுகளில் அவை ஒரே பாதையைப் பங்கிட்டுக்கொள்கின்றன, ஒன்று வந்தால் மற்றது அணையும். நான்கு ரேம் போட்டதும் வேகம் குறைவதும் இயல்புதான். ரேமை அதிக வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி, எக்ஸ்போ ஆகிய பயோஸ் அமைப்புகளை ஆன் செய்ததும் தடுமாறுகிறது என்றால், அந்த வேகம் ரேமின் பெட்டியில் எழுதியிருந்தாலும் ஓவர்கிளாக் வகையை, அதாவது வழக்கமான வேகத்தைத் தாண்டி ஓட்டுவதைச் சேர்ந்ததுதான். அதை அணைத்தும் தடுமாறினால்தான் மேற்கொண்டு யோசிக்க வேண்டும்.

சாக்கெட் பின்கள்

வாரண்டிச் சண்டைகளின் மையமே இதுதான். இன்டெல் 2004-இல் எல்ஜிஏ775 சாக்கெட்டைக் கொண்டுவந்ததிலிருந்து அதன் டெஸ்க்டாப் போர்டுகளில் பின்கள் சிபியுவில் இல்லை, போர்டில் இருக்கின்றன. ஏஎம்டியும் 2022-இல் ஏஎம்5 வந்தபோது அதற்கே மாறியது. அதற்கு முந்தைய ஏஎம்4-இல் பின்கள் சிபியுவின் அடியில் இருக்கும். சாக்கெட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முடி போன்ற பின்கள், எல்லாம் ஒரே திசையில் சாய்ந்து ஒரே மாதிரி மின்ன வேண்டும். மொபைல் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால், வளைந்த பின் மட்டும் வேறு மாதிரி பளிச்சிடும்.

புதுப் போர்டைப் பிரித்ததும், சிபியுவை வைப்பதற்கு முன்பே, சாக்கெட்டைத் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள். ஏற்கெனவே வளைந்திருந்தால் அதில் சிபியுவைப் பொருத்தவே வேண்டாம், அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். பிறகு சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். வளைந்த பின் வாங்கியவரின் கைத்தவறு என்றுதான் நிறுவனங்கள் பொதுவாக எடுத்துக்கொள்ளும்.

நீங்களே வளைத்திருந்தால்? அதை மறைத்து ‘வரும்போதே இப்படித்தான் இருந்தது’ என்று திருப்பிக் கொடுப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த நஷ்டம் கடைக்காரர் தலையில் விழும், இல்லையென்றால் அந்தப் போர்டு இன்னொருவர் வீட்டுக்குப் போகும். உண்மையைச் சொல்லிக் கேளுங்கள், கட்டணம் வாங்கிக்கொண்டு சாக்கெட் மாற்றிக் கொடுக்கும் நிறுவனங்களும் உண்டு. நீங்களே நிமிர்த்தப் போகிறீர்கள் என்றால் நல்ல வெளிச்சம், பூதக்கண்ணாடி, மெல்லிய ஊசி வேண்டும். பக்கத்துப் பின்னைப் பார்த்துப் பார்த்து, ஒரே தள்ளில் அல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுங்கள். முன்னும் பின்னும் ஆட்டினால் ஒடிந்துவிடும்.

இப்போது முடிவு

போர்டுதான் என்று உறுதியாகிவிட்டது, திருப்பிக் கொடுக்கும் நாளும் இருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம். திருப்பிக் கொடுங்கள். எதையும் சரிசெய்யாதீர்கள். கோளாறு சின்னதாக இருந்தாலும் இதுவே என் கருத்து. ‘ஒரு யூஎஸ்பி துளைதானே, ஒரு ரேம் ஸ்லாட்தானே’ என்று விட்டவர்கள் பிறகு வருந்தியதைப் பார்த்திருக்கிறேன். தயாரிப்பில் வந்த கோளாறு அங்கேயே நிற்கும் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது.

கண்ணுக்குத் தெரியாத கோளாறுக்கு நல்ல உதாரணம் 2011-இல் நடந்தது. இன்டெல்லின் 6 வரிசை சிப்செட்டில் (போர்டின் துளைகளை நிர்வகிக்கும் சிப்) நொடிக்கு 3 ஜிகாபிட் வேக சாட்டா துளைகள் காலப்போக்கில் மங்கிப்போகும் என்று அந்த ஆண்டு ஜனவரி 31 அன்று நிறுவனமே அறிவித்தது. வாங்கிய அன்றைக்கு எல்லாம் சரியாகவே ஓடின. சிப்புக்குள் இருந்த பிழை என்பதால் எந்தச் சாஃப்ட்வேராலும் சரிசெய்ய முடியவில்லை, போர்டுகளையே மாற்ற வேண்டியதாயிற்று. இன்னொன்று 2021 டிசம்பரில் தெரியவந்தது. அசூஸின் மாக்சிமஸ் இசட்690 ஹீரோ போர்டுகள் சிலவற்றில் ஒரு கெப்பாசிட்டர் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தது, பக்கத்திலிருந்த மாஸ்ஃபெட்டுகள் (மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சிறு பாகங்கள்) கருகின. வாங்கியவர்கள் எடுத்த படங்களிலேயே அந்தக் கெப்பாசிட்டர் திரும்பியிருப்பது தெரிந்தது. நிறுவனம் அவற்றைத் திரும்பப் பெற்றது. அதனால் முடிவெடுக்கும் முன் உங்கள் போர்டின் மாடல் பெயரோடு கோளாறின் அறிகுறியையும் சேர்த்துத் தேடிப் பாருங்கள். தெரிந்த கோளாறு என்றால் கடைக்காரரோடு வாதாட வேண்டியே இருக்காது.

திருப்பிக் கொடுக்கும் நாள் முடிந்து வாரண்டி மட்டும் இருந்தால் கொஞ்சம் கணக்குப் போடலாம். போர்டு ஆன் ஆகவில்லை, நடுவில் அணைகிறது, கருகிய வாடை வருகிறது என்றால் அனுப்பித்தான் ஆக வேண்டும். நெட்வொர்க் துளை போய்விட்டது, ஆடியோ இரைகிறது என்றால், பல வாரம் கம்ப்யூட்டர் இல்லாமல் இருக்க முடியுமா என்று பாருங்கள். ஒரு நெட்வொர்க் கார்டோ யூஎஸ்பி ஆடியோ அடாப்டரோ அந்தக் குறையைத் தீர்த்துவிடும். ஆனால் ரேம் ஸ்லாட்டிலோ மின்சாரப் பகுதியிலோ குறை என்றால் சமாளித்து ஓட்டாதீர்கள். தப்பாக எழுதப்படும் ஃபைல்கள் உங்களுக்குத் தெரியாமலே சேர்ந்துகொண்டிருக்கும்.

வாரண்டியும் முடிந்தால்தான் பழுது பார்க்கும் பேச்சு. பயோஸ் சிப்பில் எழுத்து கெட்டிருந்தால் புரோகிராமர் கருவியால் திரும்ப எழுதலாம், இது எளிது. மேல்பக்கம் உப்பிய கெப்பாசிட்டர்களை மாற்றலாம். 2000-களின் முதல் பாதியில் வந்த போர்டுகளில் இது தொற்றுநோய் போலப் பரவியிருந்தது. உடைந்த ஆடியோ, யூஎஸ்பி துளைகளையும் மாற்றலாம். எல்லாவற்றுக்கும் ஒரு தடை: மதர்போர்டுக்குள் பல அடுக்குச் செம்புத் தகடுகள் இருக்கின்றன. சாதாரண சால்டரிங் இரும்பின் சூட்டை அந்தச் செம்பு உறிஞ்சிவிடும், ஈயம் உருகாது. அழுத்தி இழுத்தால் துளையோடு பெயர்ந்து வரும். கைப்பழக்கமும் சரியான கருவியும் உள்ள டெக்னீஷியனிடம் கொடுப்பதே நல்லது. சிப்செட் போய்விட்டது என்று அவர் சொன்னால் அந்தப் போர்டை விட்டுவிடலாம்.

கருகிய போர்டில் ஓர் எச்சரிக்கை. சிபியு பக்கத்தில் இருக்கும் மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகியிருந்தால், சுமார் 1 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் நேராகச் சிபியுவுக்குப் போகும். அப்படிப்பட்ட போர்டில் ‘சும்மா பார்க்கலாம்’ என்று நல்ல சிபியுவைப் பொருத்தினால் அதுவும் போய்விடும். பவர் கேபிள்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சிபியு இல்லாமல், 8 பின் இணைப்பில் 12 வோல்ட் பின்னுக்கும் தரை (கிரவுண்ட்) பின்னுக்கும் நடுவே ஓம் அளந்து பாருங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டினால் அந்தப் போர்டுக்கு மறுபடி பவர் கொடுக்க வேண்டாம்.

அனுப்பும்போது

சிபியு, ரேம் எடுத்தாயிற்றா? எம்.2 எஸ்எஸ்டி எடுத்தாயிற்றா? அது ஹீட்சிங்க் தகட்டின் அடியில் ஒளிந்திருக்கும், வருடக்கணக்கான படங்களோடு அப்படியே அனுப்பியவர்கள் உண்டு. ஏஎம்4 போர்டு என்றால் கூலரை நேராகப் பிடுங்காதீர்கள், சிபியுவும் சேர்ந்து பெயர்ந்து வந்து பின்கள் வளையும். மெல்லத் திருகித் தளர்த்தி எடுங்கள். சாக்கெட்டின் மேல் வந்த பிளாஸ்டிக் மூடியைத் திரும்பப் பொருத்துங்கள், அது இல்லாமல் பல நிறுவனங்கள் போர்டை ஏற்பதில்லை. வைஃபை ஆன்டெனா, பின்பக்கத் தகடு, கேபிள்கள் ஆகியவற்றைக் கடைக்குத் திருப்பிக் கொடுப்பதானால் மட்டும் பெட்டியில் வையுங்கள். வாரண்டிக்கு அனுப்பும்போது வெறும் போர்டு போதும், கூட அனுப்பியது திரும்பி வராமல் போகலாம்.

கோளாறைப் பற்றி எழுதும்போது ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள். ‘இரண்டு ரேம், இரண்டு பவர் சப்ளை மாற்றிப் பார்த்தேன், கேபினட்டுக்கு வெளியேயும் பார்த்தேன், டிராம் விளக்கு அணையவில்லை, பயோஸ் புதியது’ என்று எழுதினால், முதல் கட்டக் கேள்விகளிலேயே ஒரு வாரம் ஓடாது.

மாற்றுப் போர்டு வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுங்கள், சாக்கெட்டை டார்ச் அடித்துப் பாருங்கள். பொருத்திய அன்றே எல்லா ரேம் ஸ்லாட், எல்லா யூஎஸ்பி, எல்லா சாட்டா, எம்.2, நெட்வொர்க், ஆடியோ எனத் துளை துளையாகச் சோதித்து, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 சாஃப்ட்வேரை இரவு முழுவதும் ஓடவிடுங்கள். அதன் வாரண்டி பெரும்பாலும் பழைய போர்டில் மிச்சமிருந்த நாள்களோடுதான் தொடரும், அதனால் அந்தத் தேதியையும் மேசையில் ஒட்டிய தாளில் எழுதிவிடுங்கள்.